ஹவில்தார் ஏன் குனிந்தார்?

கேள்வி

மதிப்புக்குரிய ஐயா,

எனக்கு வயது 32. சொந்த ஊர் தாராபுரம் பக்கம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடிக்கும் உதவியாளாகச் சேர்ந்தேன். பிறகு ஓவர்லாக் தையல் மிஷின் பழகி டெய்லரானேன், சூப்பர்வைசரானேன். இந்தச் சித்திரையில் புரொடக்‌ஷன் மேனேஜராக உயர்த்தினார்கள். எனக்குக் கீழே இரண்டு தையல் லைன், 64 பேர். பாதிப்பேர் நம் பக்கத்து ஆட்கள், மீதிப்பேர் வடக்கத்திப் பையன்கள்.

போன மாதம் கம்பெனி வேலையாகச் சென்னை போய்விட்டு நீலகிரி எக்ஸ்பிரஸில் திரும்பினேன். எதிர் இருக்கையில் ஒரு ராணுவ ஹவில்தார். நாற்பது வயது இருக்கும், பெருந்துறைப் பக்கத்துக்காரர். புதிதாக ராணுவத்தில் தேர்வான ஐந்து பையன்களை நீலகிரியில் உள்ள வெலிங்டனில் பயிற்சிக்குச் சேர்க்க அழைத்துப் போனார். அன்று காலையில்தான் அவர்களை முதன்முதலாகப் பார்த்தாராம். ஆனால் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, ஊர் சொல்லி, வீட்டு நிலவரம் வரை விசாரித்தார். சாப்பாட்டுப் பொட்டலத்தை ஐந்து பேரும் பிரித்த பிறகே தன் பொட்டலத்தைத் தொட்டார். டிரங்குப் பெட்டிகள் வழியை அடைக்கின்றன என்று டி.டி.ஆர். பையன்களைச் சத்தம் போட்டபோது எழுந்து நின்று, “தவறு என்னுடையது சார்” என்று சொல்லிவிட்டுத் தானே பெட்டிகளை நகர்த்தினார். ஒரு ராணுவக்காரர் இப்படிப் பணிய வேண்டுமா என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

அதன்பிறகு நடந்ததைத்தான் மறக்க முடியவில்லை. ஒரு பையன் நொண்டுவதைப் பார்த்தார். ஷூவைக் கழற்றச் சொன்னார். ரயில் தரையில் உட்கார்ந்து அவன் காலைத் தூக்கித் தன் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு, செல்போன் வெளிச்சத்தில் குதிகாலைப் பார்த்தார். புது ஷூ கடித்துக் கொப்புளம். பையிலிருந்து பஞ்சும் பிளாஸ்திரியும் எடுத்துக் கட்டிவிட்டார். அந்தப் பையனுக்கு 19 வயது இருந்தால் அதிகம். “நீங்கள் இவர்களுக்கு அதிகாரியா?” என்று கேட்டேன். “இல்லை தம்பி, கூட்டிக்கொண்டு போகிறவன்” என்றார். காட்பாடியில் தண்ணீர் வாங்க இறங்கிய ஒரு பையன் ஓடும் ரயிலில் ஏறினான். அவனைக் கதவோரம் அழைத்துப் போய் ஏதோ பேசினார், எனக்குக் கேட்கவில்லை. ஈரோட்டில் சத்தம் கேட்டு விழித்தபோது அவர் மனைவியும் மகளும் பிளாட்பாரத்தில் நின்றார்கள். சில நிமிடம்தான் பேசினார். ரயில் நகர்ந்ததும் உள்ளே வந்து ஐந்து பேரையும் ஒருமுறை எண்ணிவிட்டு உட்கார்ந்தார்.

அன்றிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. நான் கத்துகிறவன். கத்தாமல் வேலை ஓடுவதில்லை. இரண்டாவது லைனில் கழுத்து ரிப் (கழுத்துப் பட்டி) தைக்கும் அக்கா ஒருவர் எப்போதும் பின்தங்குவார். அவரால் லைனே நிற்கும். ஷிப்மென்ட் நெருக்கத்தில் எல்லார் முன்னாலும் சத்தம் போட்டுவிட்டேன். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாள் வந்தார், இன்றுவரை என்னிடம் பேசுவதில்லை. லைன் சூப்பர்வைசர் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். நான் மேனேஜரானதை அவரால் ஏற்க முடியவில்லை. எதைச் சொன்னாலும் “ஆகட்டும்” என்பார், செய்ய மாட்டார். அந்த ஹவில்தார் போலப் பணிவாக இருந்து பார்க்கலாம் என்று முதலாளியிடம் சொன்னேன். “தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள்” என்று சிரித்தார். ராணுவத்துக்குச் சரி, பனியன் கம்பெனியில் பணிவு செல்லுமா?

பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்

தம்பி, உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். கொப்புளத்தைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். காட்பாடியில் நடந்ததற்கு ஒரே வாக்கியம். “ஏதோ பேசினார், எனக்குக் கேட்கவில்லை” என்று கடந்து போய்விட்டீர்கள். எனக்கு அந்த வாக்கியத்தில்தான் வேலை இருக்கிறது. அங்கே வருவதற்கு முன் கொப்புளத்தை முடித்துவிடுகிறேன்.

அவர் குனிந்ததைப் பணிவு என்று நினைத்துக்கொண்டீர்கள். அவரைக் கேட்டிருந்தால் அது தன் வேலை என்று சொல்லியிருப்பார். காலாட்படையில் நீண்ட நடை முடிந்ததும் ஆட்களின் பாதத்தைப் பார்ப்பது பழைய வழக்கம். நம் ராணுவத்தில் மட்டுமல்ல, பல நாட்டுப் படைகளிலும் உண்டு. காரணம் கருணை இல்லை, கணக்கு. ஒரு செக்‌ஷன் என்றால் சுமார் பத்துப் பேர், அதை நடத்துகிறவர் பெரும்பாலும் ஒரு ஹவில்தார். பத்தில் ஒருவன் நொண்டினால் பத்துப் பேரும் நொண்டியின் வேகத்தில்தான் நடக்க வேண்டும். அவன் சுமையை இன்னொருவன் தூக்க வேண்டும். சியாச்சின் பனியாற்றில் ரோந்து போகிறவர்கள் ஒரே கயிற்றில் இடுப்பைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். ஒருவன் பனிப்பிளவில் விழுந்தால் மற்றவர்கள் இழுத்துப் பிடிப்பதற்காக. அங்கே அடுத்தவன் கால் சரியாக இருக்கிறதா என்பது உங்கள் உயிர்ப் பிரச்சினை. இருபது ஆண்டு இப்படிப் பழகிய மனிதருக்கு ஒரு பையன் நொண்டுவது கண்ணில் பட்டவுடன் கை தானாக ஷூவுக்குப் போயிருக்கும். தரையில் உட்கார்ந்தோமே, எதிரே ஒரு பனியன் கம்பெனி மேனேஜர் பார்க்கிறாரே என்ற எண்ணம் வந்திருக்கவே வராது.

உங்கள் லைனும் ஒரு கயிறுதான். தோள் சேர்ப்பதில் மணிக்கு 120 பீஸ் ஓடினாலும், கை வைப்பதில் 110 ஓடினாலும், கழுத்து ரிப்பில் 70 என்றால் அன்றைக்கு உங்கள் கணக்கு 70தான். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்த எழுபதைப் பார்த்ததும் நீங்கள் செய்தது என்ன? நொண்டுகிற பையனைப் பார்த்து “நேராக நட” என்று கத்தியதுதான். ஷூவைக் கழற்றிப் பார்க்கவில்லை.

கழுத்து ரிப் தைக்கிறவர் பின்தங்க எத்தனை காரணம் இருக்கலாம் என்று ஓவர்லாக் ஓட்டிய நீங்களே எண்ணிப் பாருங்கள். கட்டிங்கில் ரிப் அளவு ஒன்றுக்கொன்று கால் இஞ்ச் வித்தியாசமாக வந்தால், ஒவ்வொரு பீஸையும் இழுத்து நாலு பக்கமும் பொருத்திப் பார்த்துத்தான் தைக்க முடியும். மிஷினில் துணியை நகர்த்தும் டிஃபரன்ஷியல் ஃபீட் சரியாக வைக்கவில்லை என்றால் துணி அலை அலையாக வரும், பாதி பீஸ் பிரித்துத் தைக்க ஆல்டருக்குத் திரும்பும். கத்தி மழுங்கியிருக்கலாம். கறுப்புத் துணிக்குக் கறுப்பு நூல் ஓடுகிற நாளில் தலைக்கு மேல் டியூப்லைட் ஒன்று எரியாமல் இருந்தால் போதும், நாற்பதைத் தாண்டிய கண்ணுக்கு அது தண்டனை. நாற்காலி ஆடினால் முதுகு போகும். பண்டல் நேரத்துக்கு வராமல் பத்து நிமிடம் கை கட்டி உட்கார்ந்திருந்துவிட்டு, வந்ததும் ஓடச் சொன்னால் யாருக்கும் கை ஓடாது. இதில் ஒன்றுகூட அவர் தவறு இல்லை. இவை எல்லாம் சரியாக இருந்தும் அவர் மெதுவாகத்தான் தைக்கிறார் என்றால், அவரை லேபிள் தைக்க மாற்றி ரிப்புக்கு வேறு ஆளைப் போட வேண்டியது மேனேஜரின் வேலை. அப்போதும் கத்துவதற்கு இடமில்லை, பாருங்கள்.

இதை நான் புத்திசாலித்தனத்தால் கற்றுக்கொள்ளவில்லை. உங்களைவிட மோசமாக நடந்துகொண்டு கற்றேன். 1992இல் கோவையில் ஒரு நூற்பாலையில் லேபர் ஆபீசராக இருந்தேன். 26 வயது, சட்டைப் பையில் இரண்டு பேனா. நூல் நூற்கும் ரிங் பிரேம் பிரிவில் ஒரு சைடர் (அறுந்த இழையை ஒட்டுகிற தொழிலாளி) பொறுப்பில் இருந்த பக்கத்தில் எப்போது பார்த்தாலும் இழை அறுந்து தொங்கிக்கொண்டிருக்கும். ஒருநாள் மதிய ஷிப்ட்டில், நூல் நிறைந்த கண்டுகளைக் கழற்றுகிற டாஃபர் பெண்கள் எல்லாம் நிற்கும்போது, “தூங்குவதற்குச் சம்பளமா?” என்று கேட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த இழையை ஒட்டப் போய்விட்டார்.

அங்கே வயதான ஜாபர் (மேஸ்திரி) ஒருவர் இருந்தார். மில்லில் எல்லாருக்கும் அவர் மாமா. மறுநாள் என் அறை வாசலில் வந்து நின்று, “சார், இன்று ராத்திரி ஷிப்ட்டுக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போங்கள்” என்றார். ஏன் என்று சொல்லவில்லை. போனேன். சங்கு ஊதியதிலிருந்து அந்தச் சைடர் பின்னாலேயே நடக்க வைத்தார். இரண்டு மணிக்கு என் கால் கெஞ்சியது. சைடர் இன்னும் நடந்துகொண்டிருந்தார். அப்போது ஜாபர் என் கையைப் பிடித்து, தலைக்கு மேலே போகும் குளிர்காற்றுக் குழாயின் வாய்க்குக் கீழே வைத்தார். காற்றே வரவில்லை. அடுத்த மிஷினுக்கு மேலே வைத்தார், ஈரக் காற்று சில்லென்று பட்டது. பஞ்சு அடைத்துக்கொண்டு அந்த ஒரு வாய் மூடிக் கிடந்தது. காற்றில் ஈரம் குறைந்தால் இழை அதிகமாக அறும் என்பது மில் தொழிலில் பால பாடம். எனக்கும் தெரியும், பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அந்தச் சைடர் மூன்று முறை சொல்லி, மெயின்டனன்ஸ் நோட்டில் மூன்று முறையும் பதிவாகி இருந்தது.

நான் மன்னிப்புக் கேட்டேன். எங்கே கேட்டேன் என்பது முக்கியம், அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது காட்பாடிக்கு வருவோம்.

ஓடும் ரயிலில் ஏறியது சின்னத் தவறு இல்லை. அந்தப் பையன் கை நழுவியிருந்தால் ஹவில்தார் அவன் தாய்க்குப் பதில் சொல்ல வேண்டும், படைக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர் அதைச் சிரித்து விட்டுவிடவில்லை. உங்கள் முதலாளி சொன்னாரே, மிளகாய் அரைப்பார்கள் என்று, அதற்கு விடை அந்த இடத்தில் இருக்கிறது. இவர் தலையில் யாரும் மிளகாய் அரைக்கவில்லை. கண்டித்தார். ஆனால் கதவோரம் அழைத்துப் போய், ரயில் சத்தத்துக்கு நடுவே, எதிர் இருக்கையில் இருந்த உங்களுக்கே கேட்காதபடி கண்டித்தார். மற்ற நான்கு பையன்களுக்கும் கேட்டிருக்காது. திரும்பி வந்த பையன் தலையைக் குனிந்திருப்பான், ஆனால் அவமானத்தால் குனிந்திருக்க மாட்டான்.

1932 டிசம்பரில், டேராடூனில் அப்போதுதான் தொடங்கியிருந்த இந்திய ராணுவ அகாதெமியில் தளபதி பிலிப் செட்வுட் பேசினார். அவர் பேச்சிலிருந்து எடுத்த வாசகம் இன்றும் அங்கே மண்டபத்தில் பொறித்திருக்கிறது, அங்கே பயில்கிற ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். நாட்டின் பாதுகாப்பும் மானமும் நலனும் எப்போதும் முதலில். உன் கீழுள்ள வீரர்களின் மானமும் நலனும் வசதியும் அதற்கடுத்து. உன் சுகமும் வசதியும் பாதுகாப்பும் எப்போதும் கடைசியில். தலைமைப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவர்கள் இதை எடுத்தால் ‘கடைசியில்’ என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வார்கள். கடைசியில் சாப்பிடு, கடைசியில் படு என்று. நல்லதுதான். ஆனால் நடு வரியை ஒருமுறை திரும்பப் படியுங்கள். வீரர்களுக்கு எது முதலில் என்று எழுதியிருக்கிறது? வசதி மூன்றாவது, நலன் இரண்டாவது. முதலில் மானம்.

உங்கள் ஹவில்தார் அகாதெமியில் படித்தவர் இல்லை. சிப்பாயாகச் சேர்ந்து, லான்ஸ் நாயக், நாயக் என்று படிப்படியாக வந்தவர். அந்த வாசகம் ஒருவேளை அவர் காதில் விழாமலே இருந்திருக்கலாம். ஆனால் யாரோ ஒரு பழைய ஹவில்தார் இவரை ஒருகாலத்தில் கதவோரம் அழைத்துப் போய்ப் பேசியிருப்பார். இதெல்லாம் அப்படித்தான் வருகிறது.

டி.டி.ஆர். விஷயத்தில் உங்களுக்குக் கூச்சமாக இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பையன்களைத் தனியாகக் கண்டிக்கிறவர், வெளியாள் கண்டிக்கும்போது முன்னால் போய் நிற்கிறார். இரண்டும் ஒரே குணத்தின் இரண்டு பக்கம். அவர்கள் போன ரயில் மேட்டுப்பாளையத்தில் முடிகிறது. அங்கிருந்து குன்னூருக்குப் பல்சக்கர ரயில் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். மலை ஏறும்போது எஞ்சின் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று தள்ளும். இறங்கும்போது அதே எஞ்சின் முன்னால் நின்று பாரம் முழுவதையும் தாங்கும். எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் அதற்கு இடம். சரக்கு வாங்குகிற பையரிடமிருந்து போன் வந்து முதலாளி உங்களைக் கூப்பிட்டு, “ஏன் லேட்?” என்று கேட்கும்போது நீங்கள் எந்தப் பக்கம் நிற்கிறீர்கள்? “ரிப் தைக்கிற பொம்பளையால்தான் சார்” என்று சொல்லியிருந்தால், அது அன்று மாலைக்குள் லைனுக்குத் தெரிந்திருக்கும். கம்பெனியில் சுவருக்குக் காது மட்டும் இல்லை, வாயும் உண்டு.

ராணுவமும் கம்பெனியும் ஒன்றா என்று கேட்டீர்கள். ஒன்றில்லை. ராணுவத்தைப் புகழ்ந்து பேசும்போது ஒரு மயக்கம் வந்துவிடுகிறது, எனக்கும் வரும். அங்கேயும் எல்லாரும் இந்த ஹவில்தார் போல இல்லை. அதிகாரி வீட்டு வேலைக்கு வீரர்களைப் பயன்படுத்துகிறார்கள் என்று, அதிகாரிக்கு உதவியாளாக வீரரை ஒதுக்கும் சகாயக் முறையைப் பற்றி எவ்வளவோ முறையீடு வந்து, பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவே அதைக் கைவிடச் சொன்னது உண்டு. அதனால் சீருடையைக் கும்பிட வேண்டாம், அந்த மனிதரைப் பாருங்கள்.

இன்னொரு வித்தியாசம் உங்களுக்குப் பாதகமானது. ஹவில்தார் பேச்சைக் கேட்காத சிப்பாய்க்கு 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் இருக்கிறது. பிடிக்கவில்லை என்று திங்கட்கிழமை நின்றுவிட முடியாது. உங்கள் டெய்லருக்கு அந்தக் கட்டு எதுவும் இல்லை. சனிக்கிழமை சம்பளத்தை வாங்கிக்கொண்டு, வழியில் எந்தக் கேட்டில் ‘டெய்லர்கள் தேவை’ போர்டு தொங்குகிறதோ அங்கே திங்கள் காலை போய் உட்காரலாம். புதிதாக வருகிறவர் உங்கள் மாடலுக்குக் கை பழகும்வரை லைன் நொண்டும். ஆகவே சட்டத்தின் பலம் இருக்கிறவரே அவ்வளவு கவனமாக நடக்கிறார் என்றால், பலமே இல்லாத நீங்கள் எப்படி நடக்க வேண்டும் என்று உங்கள் முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். அவர் வியாபாரி. கணக்காகச் சொன்னால் புரிந்துகொள்வார்.

ஒன்றைச் சொல்லிக் கோபப்படுத்தப் போகிறேன். 64 பேரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டது சரி. ஆனால் “கழுத்து ரிப் அக்கா”, “வடக்கத்திப் பையன்கள்” என்பதைத் தாண்டி ஓர் ஆளைப் பற்றிக்கூட ஒரு விவரம் இல்லை. அந்த அக்கா எந்த ஊரிலிருந்து பஸ் ஏறி வருகிறார்? வீட்டில் யார்? மறுநாள் வராமல் எங்கே போனார்? ஹவில்தார் ஐந்து பேரைக் காலையில் பார்த்து, இரவு ரயில் ஏறுவதற்குள் அவர்கள் வீட்டு நிலவரம் வரை தெரிந்துவைத்திருந்தார். நீங்கள் சித்திரையிலிருந்து மேனேஜர், அதற்கு முன் அதே தளத்தில் சூப்பர்வைசர். ஒடிசாப் பையன்களை ‘ஹிந்திக்காரர்கள்’ என்று கூப்பிடும் வழக்கம் உங்கள் கம்பெனியிலும் இருக்கும். அவர்கள் வீட்டில் பேசுவது ஒடியா. நம் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு லீவு தராவிட்டால் நீங்கள் எப்படிப் புழுங்குவீர்கள்? ஜூன் நடுவில் ஒடிசாக்காரருக்கு ரஜ பண்டிகை. தீபாவளி கழிந்து ஆறாம் நாள் பீகார்க்காரருக்குச் சத் பூஜை. சொல்லாமல் ஊருக்கு ஓடிவிடுகிறார்கள் என்று எல்லாக் கம்பெனியிலும் புலம்புகிறார்கள். அந்த நாளைக் காலண்டரில் குறித்துவைத்து முன்கூட்டியே யார் போகிறீர்கள் என்று கேட்கிற மேனேஜரை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன்.

சூப்பர்வைசர் அண்ணன் விஷயம் கொஞ்சம் சிக்கல். அவர் உங்களுக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். நேற்றுவரை உங்களிடம் நூல்கண்டு எடுத்துவரச் சொன்னவர், இன்று உங்கள் கையெழுத்துக்கு நிற்கிறார். அவருக்கு வலிக்கும், வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். நீங்கள் இரண்டில் ஒன்றைச் செய்துகொண்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். ஒன்று, மேனேஜர் என்று காட்ட எல்லார் எதிரிலும் உத்தரவு போடுவது. இல்லாவிட்டால், மரியாதை என்று பயந்து எதையும் சொல்லாமல் விட்டுவிட்டு, உள்ளுக்குள் பொருமுவது. இரண்டையும் விடுங்கள். காலையில் லைன் ஓடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால் போய் அவருடன் டீ குடியுங்கள். “அண்ணா, இன்று இந்த மாடல் ஏறுகிறது, எங்கே அடைக்கும் என்று நினைக்கிறீர்கள்?” என்று கேளுங்கள். உண்மையாகவே கேளுங்கள், அவருக்கு உங்களைவிட அதிகம் தெரியும், அது உங்களுக்கும் தெரியும். அவர் சொல்வதில் பாதியை எடுத்துக்கொண்டால், “அண்ணன் சொன்னபடி செய்கிறோம்” என்று லைனில் சொல்லுங்கள். எடுத்துக்கொள்ளாத பாதிக்குக் காரணத்தை அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். முடிவு உங்களுடையது. அதில் தயங்காதீர்கள். “ஆகட்டும்” என்று சொல்லிவிட்டுச் செய்யாவிட்டால், அன்று மாலையே கதவோரம் கூப்பிட்டு ஏன் என்று கேட்டுவிட வேண்டும். மூன்று மாதம் இப்படி நடந்தும் மாறவில்லை என்றால் எழுதுங்கள், அது வேறு வைத்தியம்.

அடுத்ததாக ஒரு எச்சரிக்கை. ரயிலில் பார்த்ததை அப்படியே நடித்துக்காட்டிவிடாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு முதலாளி ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்து, ஆயுத பூஜை அன்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு எல்லாருக்கும் தன் கையால் சாப்பாடு பரிமாறினார். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார். அந்த ஆண்டு தீபாவளி போனஸ் பண்டிகைக்கு முந்திய நாள் ராத்திரிதான் கைக்கு வந்தது. துணி எடுக்கக் கடையெல்லாம் மூடிவிட்டது. இன்றும் அங்கே அவர் பெயர் ‘பாயசம்’. ராணுவத்திலும் படாகானா என்று பெரிய விருந்து நடக்கும், அதிகாரிகளும் ஜவான்களும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். மீதி நாட்களில் லங்கரில் (படைச் சமையற்கூடத்தில்) சோறு ஒழுங்காக இருந்தால்தான் அந்த ஒருநாள் விருந்துக்கு ருசி.

இனி அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்கும் விஷயம். என் கதையில் விட்டதையும் இங்கே முடித்துவிடுகிறேன். சைடரைத் தனியாகக் கூப்பிட்டு என் அறையில் மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஜாபர் மாமா விடவில்லை. “திட்டியது எங்கே சார்?” என்று மட்டும் கேட்டார். மறுநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில், அதே ரிங் பிரேம் முன்னால், அதே டாஃபர் பெண்கள் நிற்கும்போது, “அன்று நான் பேசியது தவறு, குழாய் அடைத்திருந்ததைப் பார்க்காமல் பேசிவிட்டேன்” என்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டது. அவர், “சரிங்க சார், டீ ஆறுகிறது, குடியுங்கள்” என்று சொல்லிவிட்டு மிஷினுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். ஆனால் அதன்பின் எந்தக் குழாய் அடைத்தாலும் முதலில் என் அறைக்குத் தகவல் வரும்.

கண்டிப்பது கதவோரம். மன்னிப்பு மட்டும், எங்கே திட்டினீர்களோ அங்கேதான். தனியாகக் கேட்கிற மன்னிப்பு உங்கள் மனச்சுமையை இறக்கிவைக்கும், அவர் இழந்த மரியாதையைத் திருப்பித் தராது. நீளமாகப் பேச வேண்டாம். கண்ணீர் விட வேண்டாம். “அக்கா, அன்று எல்லார் முன்னாலும் கத்தியது என் தவறு” என்று ஒரு வரி போதும். அவர் பேசாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். உடனே சிரித்துப் பேச வேண்டும் என்று எதிர்பார்க்க உங்களுக்கு உரிமை இல்லை.

ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நாளை மதியம் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் போன பிறகு அவருடைய நாற்காலியில் போய் உட்காருங்கள். நீங்கள் ஓவர்லாக் ஓட்டியவர். அவர் பண்டலிலிருந்தே பத்துப் பீஸ் எடுத்து, கழுத்து ரிப்பை நீங்களே வைத்துத் தைத்துப் பாருங்கள். ரிப்பை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அளவு ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். நிமிர்ந்து டியூப்லைட்டைப் பாருங்கள். நாற்காலியை ஆட்டிப் பாருங்கள். கண்டதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். சரிசெய்யப் பணம் வேண்டும் என்றால் முதலாளியிடம் எப்படிக் கேட்பது என்று சனிக்கிழமைக்குள் எனக்கு எழுதுங்கள். தாளையும் சேர்த்து அனுப்புங்கள்.